ஈயக்குட்டைக் கீரை

ஈயக்குட்டை ஓரத்தில் தழைத்துக் கிடக்கும் கங்கோங் கீரைக்குக் காசு தர வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குட்டை வந்த கதையைத் தெரிந்துகொண்டு பறிப்பது நல்லது.

1857-இல் ராஜா அப்துல்லா கிள்ளானிலிருந்து அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்றுவழியாக வந்து அம்பாங்கில் ஈயம் தோண்டினார்கள். காய்ச்சலுக்குத் தப்பியவர்கள் 18 பேரே என்பர். கோலாலம்பூர் பிறந்தது அப்படித்தான். பிறகு சுங்கை பெசி, பூச்சோங் என்று எங்கும் மண்ணைக் கரைத்து ஈயத்தைப் பிரித்தார்கள். 1985-இல் ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. குழிகளில் நீர் தேங்கியது.

ஈயத் தாதுவோடு ஆர்சனிக் என்னும் பாஷாணம் கலந்த கல்லும் பல இடங்களில் சேர்ந்தே கிடக்கும். பூமிக்குள் இருந்தவரை அது அடங்கியிருந்தது. வெளியே கொட்டியபின் காற்றும் மழையும் பட்டுக் கரைந்து சேற்றில் சேர்ந்தது. நீர்க்கீரை அதை வேர்வழியே உறிஞ்சும். எல்லாக் குட்டையும் ஒன்றல்லதான். கண்ணால் பார்த்துப் பிரித்தறியத்தான் வழியில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பாஷாணம் போகாது. நாள்பட உண்டால் தோலையும் உள்ளுறுப்புகளையும் கெடுக்கும்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது அயல் கதையன்று. லாலான் புல்லைக் கொல்ல ரப்பர்த் தோட்டங்களில் ஒருகாலத்தில் தெளித்த சோடியம் ஆர்சனைட்டும் இதே பாஷாணம்தான். மருந்தடித்த புல்லை மேய்ந்த மாடுகள் மாண்டதுண்டு. 1960-களில் பாராகுவாட் அதன் இடத்தைப் பிடித்தது. அதுவும் கொடிய நஞ்சே, 2020-இல் இங்கே தடையாயிற்று.

கங்கோங் வேண்டுமானால் லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி போடலாம். பழைய நாளில் மருந்து கலக்கிய இடத்தைப் பெரியவர்களிடம் கேட்டு, அதற்குத் தள்ளிப் போடுங்கள்.