ஐடிலிங் கோளாறு

ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது பெட்ரோல் கார் எஞ்சின் சீராகச் சுற்றாமல் குலுங்குவது, அல்லது சிக்னலில் அணைந்துபோவது. கோளாறில்லாத, சூடேறிய எஞ்சின் ஐடிலில் நிமிடத்துக்குச் சுமார் 700 முதல் 900 முறை சுற்றும். உள்ளே போகும் காற்று மிகச் சொற்பம் என்பதால் சிறு பிசகும் உடனே தெரிந்துவிடும்.

எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். வெடித்த வேக்குவம் குழாய் வழியே, சென்சார் அளக்காத காற்று நுழைந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்துபோகும். பானெட்டுக்குள் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் கேட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். வேகம் கூட்டினால் குலுக்கல் அடங்குவது இன்னோர் அடையாளம். காற்றை உள்ளே விடும் த்ராட்டில் வால்வின் விளிம்பில் கரி படிந்தாலும் எஞ்சின் நிற்கும். கிளீனர் தெளித்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும்; சில மின்னணு த்ராட்டில்களில் அதன்பின் ஐடில் அளவை மறுபடி பதியவைக்க வேண்டிவரும். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் பழுதுகளும் காரணமாகலாம்.

காரின் கணினியுடன் இணைக்கும் ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடு பழுதான பாகத்தைச் சொல்வதில்லை. பி0300 என்றால் ஆங்காங்கே சிலிண்டர்களில் எரிப்பு தவறுகிறது என்று மட்டுமே பொருள். அதை நம்பி நல்ல பிளக்குகளை மாற்றிக் காசைக் கரைப்பவர்கள் உண்டு. கார்புரேட்டர் கால மாருதி 800-இல் ஒரு ஸ்க்ரூவைத் திருகியே ஐடிலை ஏற்றிவிடுவார்கள்; கோளாறு அப்படியே இருக்கும்.