வங்கியில் போட முடியாத முதல்



விலங்குக் காட்சிசாலை என்றதும் நம் நினைவுக்கு வருவது கோடை விடுமுறையும் பேரப்பிள்ளைகளும்தான். ஆனால் அழிந்துவரும் உயிரினங்களைக் காப்பதிலும் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பங்குக்கு ஓர் எல்லையும் உண்டு. இரண்டையும் நம் மாநில வரலாற்றிலேயே பார்க்கலாம்.

1855-இல் எட்வர்ட் பல்ஃபர் சென்னை அருங்காட்சியகத்தில் உயிருள்ள விலங்குகளை வைத்துக் காட்டத் தொடங்கினார். 1909-இல் மெரினாவில் மீன் காட்சியகம் திறந்தார்கள். அன்று மக்களுக்கு இவை வேடிக்கை பார்க்கும் இடங்கள். ஒன்று செத்தால் இன்னொன்றைப் பிடித்து வரலாம் என்று எண்ணிய காலம் அது.

தோலுக்காக வேட்டையாடி முதலைகள் அருகிப்போன பிறகு இந்த எண்ணம் மாறியது. 1972-இல் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடன் இருந்தவர்களும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை முதலை வங்கியைத் தொடங்கினார்கள். வங்கியில் வேலை பார்த்த எனக்கு அந்தப் பெயர் மிகப் பொருத்தமாகத் தோன்றும். சில முதலைகளை முதலாகப் போட்டார்கள். ஒரு பெண் முதலை ஒரே ஈட்டில் 20, 30 முட்டைகள் இடும். காட்டில் பெரும்பாலான குஞ்சுகள் பிற விலங்குகளுக்கு இரையாகிவிடும், இங்கே பிழைத்தன. முதல் பெருகியது. முட்டைகளும் குஞ்சுகளும் பல மாநிலங்களுக்குச் சென்றன.

எல்லா உயிருக்கும் இந்தக் கணக்கு ஒத்துவருமா? நம் கடற்கரை மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுவைப் பாருங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1959-இல் ஒரு ஜோடி ஆவுளியாவைத் தொட்டியில் வைத்து வளர்த்தது. விஞ்ஞானி எஸ். ஜோன்ஸ் அவற்றைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். கடலில் தலையைச் சற்றே நீட்டி மறைந்துவிடும் பிராணியை அருகிலிருந்து கவனிக்க அந்தத் தொட்டி உதவியது. ஆராய்ச்சிக்கு அது பெரிய லாபம்.

ஆனால் ஆவுளியா உலகில் எந்தத் தொட்டியிலும் இதுவரை குட்டி ஈன்றதில்லை. கடலிலேயே அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான், அதுவும் ஒரே ஒரு குட்டி ஈனும். கர்ப்பகாலமே ஓராண்டுக்கு மேல். நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் கடற்புல் தின்னும். வட்டி இவ்வளவு குறைவாக இருந்தால், முதலில் சிறிது கரைந்தாலும் ஈடுகட்ட முடியாது. இதன் இனத்தைச் சேர்ந்த ஸ்டெல்லர் கடற்பசுவை விஞ்ஞானிகள் 1741-இல் கண்டறிந்தார்கள். வேட்டையினால் 27 ஆண்டுகளுக்குள் அது பூண்டோடு அழிந்தது.

ஆகவே ஆவுளியாவைக் கடலிலேயே காப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. அது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதி. அப்போது அரசு சொன்ன கணக்கு, நாட்டில் மொத்தம் சுமார் 240 ஆவுளியாக்கள். அவற்றில் பெரும்பாலானவை தமிழகக் கடலில்.

நம் மாவட்டப் பொறுப்பில் இருக்கும் முதல் இது. வலையில் சிக்கிய ஆவுளியா சில நிமிடங்களுக்குள் மேலே வந்து மூச்சு விடாவிட்டால் செத்துவிடும். அதனால் வலை அறுந்தாலும் பரவாயில்லை என்று விடுவிக்கும் மீனவரே அதன் முதல் காவலர். மணமேல்குடிக்கோ கோட்டைப்பட்டினத்துக்கோ மீமிசலுக்கோ போகும் நாம் ஒரு பிளாஸ்டிக் பையைக்கூடக் கடற்கரையில் விட்டு வராமல் இருக்கலாம். பேரப்பிள்ளைகளை அடுத்த முறை வண்டலூருக்கு அழைத்துப் போகும்போது, அங்கே பார்க்க முடியாத ஒரு பிராணி நம் ஊர்க் கடலில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.