மயான காண்டத்தில் நிற்கும் அறம்: வெகுசன சினிமாவும் படிப்பினை தேடும் பழக்கமும்

காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவுக்குப் பெயர் தேடித் தந்தது அரிச்சந்திரன் கதை முழுவதுமன்று, அதன் மயான காண்டம். நாடு போன கதையோ, இறுதியில் விசுவாமித்திரர் தோற்று எல்லாம் திரும்பக் கிடைக்கும் கதையோ பார்க்கச் சனம் கூடவில்லை. முடிவு எல்லோருக்கும் தெரியும். சுடலை காக்கும் ஒருவன், இறந்த தன் பிள்ளையைத் தூக்கி வந்த சொந்த மனைவியிடமே தகனக் கூலி கேட்டு நிற்கும் அந்த ஓர் இரவைப் பார்க்கவே மக்கள் பாயும் தலையணையுமாக வந்து வீதியில் விடிய விடிய இருந்தார்கள். வெகுசனக் கலையில் அறம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அந்தப் பார்வையாளர்கள் தந்த விடையை நம் சினிமா ஆய்வு இன்னும் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

நாம் பழகிய முறை வேறு. பள்ளிக்கூடத்தில் ஒரு கதையைப் படித்து முடித்ததும் 'இக்கதையால் நீர் பெறும் படிப்பினை யாது?' என்று கேட்பார்கள். கதையின் கடைசிப் பந்தியைப் பார்த்து விடை எழுதுவோம். அதே பழக்கத்தைப் படமாளிகைக்கும் கொண்டுபோகிறோம். கெட்டவன் அழிந்தான், ஆகவே தீமை தோற்கும். பிரிந்த குடும்பம் சேர்ந்தது, ஆகவே பொறுமை வெல்லும். இந்த வாசிப்பு முழுப் பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் படத்தின் தீர்ப்பைப் படித்துவிட்டு வழக்கைப் படிக்காமல் விடுகிற வாசிப்பு இது. படம் பார்த்தவனைப் பல காலம் விடாமல் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் வழக்குத்தான்.

தமிழில் இந்தப் பழக்கம் சினிமாவோடு பிறந்ததல்ல. சிலப்பதிகாரப் பதிகமே காப்பியத்துக்கு மூன்று படிப்பினைகளை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது: அரசியலில் தவறியவனுக்கு அறமே கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை வந்து சேரும். முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். உலக அனுபவத்தின்படி அது உண்மையா? தவறிய அரசர்கள் பலர் நீண்ட ஆயுளோடு, மரியாதையோடு செத்திருக்கிறார்கள். ஆனால் வழக்குரை காதையில் நடப்பது பொய்யாகவில்லை. தலைவிரி கோலமாய் வந்து நிற்கும் ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணின் வாதத்தை அரசன் கேட்கிறான், சிலம்பு உடைகிறது, குற்றம் தன்னுடையதென்று கண்ட கணத்தில் அவன் அரியணையில் நிலைக்க முடியவில்லை. படிப்பினை வாக்கியம் ஆட்டங்காண்கிறது, காட்சியோ அசையாமல் நிற்கிறது.

சினிமாவின் முடிவுகளை ஐயத்தோடு பார்க்க இன்னொரு காரணம் உண்டு. அவை எப்போதும் கலைஞனின் கூற்றல்ல. அமெரிக்காவில் 1930இல் எழுதப்பட்டு 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்பட்ட ஹேய்ஸ் விதிக்கோவை, குற்றத்தின் பக்கம் பார்வையாளரின் அனுதாபத்தைத் திருப்பக் கூடாதென்று வைத்திருந்தது. குற்றவாளி தண்டனை பெறாமல் தப்புவதற்கு அதில் இடமில்லை. இந்தியாவில் 1952ஆம் ஆண்டின் சினிமாச் சட்டமும் இலங்கையில் 1912ஆம் ஆண்டின் பொதுக்காட்சிகள் கட்டளைச் சட்டமும் தத்தம் வழியில் தணிக்கைக்கு இடம்வைத்தன. ஆக, கடைசிச் சுருளில் வரும் நீதி பல வேளைகளில் தணிக்கைக்குச் செலுத்தும் சுங்கவரி. அதைப் படத்தின் இதயம் என்று நாம் தூக்கிப் பிடிப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) இதற்கு நல்ல சான்று. வேலு நாயக்கர் நீதிமன்றத்திலிருந்து விடுதலையாகி வெளியே வரும்போது, அவர் கொன்ற பொலிஸ்காரரின் மகனால் சுடப்பட்டு இறக்கிறார். வினை விதைத்தவன் வினை அறுத்தான் என்று சொல்லிப் புத்தகத்தை மூடலாம். ஆனால் இத்தனை ஆண்டுகளாகத் தமிழர் வாயில் திரும்பத் திரும்ப வருவது அந்தத் துப்பாக்கிச் சூடா? பேரப்பிள்ளை, தாத்தா நல்லவரா கெட்டவரா என்று கேட்கிற இடம். தெரியவில்லை என்று அந்த மனிதர் தடுமாறுகிற இடம். கேலிக்கும் பகிடிக்கும் அந்த வசனம் எடுபட்ட அளவுக்கு வேறெதுவும் எடுபடவில்லை. கேலி என்பது மறவாமைக்கு அடையாளம். 'பராசக்தி' (1952) பற்றியும் இதையே சொல்லலாம். குடும்பம் ஒன்றுசேர்ந்ததை நினைவில் வைத்திருப்பவர் சிலர், குணசேகரன் கூண்டில் நின்று பேசியதை மறந்தவர் எவருமில்லை.

ஆனால் எம்.ஜி.ஆர். படங்கள் என் வாதத்துக்குச் சங்கடம் தருகின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்டியில் பிறந்த அந்த நடிகர் திரையில் பெரும்பாலும் குடிக்கவில்லை, புகைக்கவில்லை, தாயை எதிர்த்துப் பேசவில்லை. அங்கே தடுமாற்றத்துக்கே இடமில்லை. நாயகன் வாயைத் திறந்தால் உபதேசம். வழக்கே இல்லாமல் தீர்ப்பு மட்டும் ஓடுகிற படங்கள் போலத் தோன்றும். என்றாலும் 'நாடோடி மன்ன'னை (1958) எடுத்துப் பாருங்கள். சாமானியன் ஒருவன் மன்னனுக்குப் பதிலாக அரியணையில் அமர்ந்து ஏழைகளுக்காகச் சட்டங்கள் பிறப்பிக்கும் இடைப்பகுதிதான் அந்தப் படத்தின் உயிர். வில்லன் வீழ்வது சம்பிரதாயம். முடிவுக்குப் போகும் வழியில் கொஞ்ச நேரம் திறந்து காட்டப்பட்ட இன்னொரு உலகத்தையே பார்வையாளர்கள் மனத்தில் வைத்துக்கொண்டார்கள். பின்னாளைய தமிழக அரசியலை நினைத்தால் அது சிறிய விடயமுமல்ல.

திரையை விட்டுப் படமாளிகைக்குள் திரும்பிப் பார்த்தவர் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பாடற் சாதனமாக ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட நூலில் அவர் கவனப்படுத்திய ஒரு செய்தி எனக்கு எந்தப் படத்தின் படிப்பினையையும்விடப் பெரிதாகப் படுகிறது: தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதற் கலையரங்கு படமாளிகை, அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பல்ல, ரிக்கற் காசு. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே போகப் போராட வேண்டியிருந்த யாழ்ப்பாணத்தில், காசு கொடுத்தவன் கலரியில் யாருக்குப் பக்கத்திலும் இருக்கலாம் என்பது எந்த வசனகர்த்தாவும் எழுதாத அறநிகழ்வு. திரையில் ஓடிய படம் அதற்கு நேர்மாறான கதையாகக்கூட இருந்திருக்கலாம்.

அதே யாழ்ப்பாணத்தின் சாதியையும் சீதனத்தையும் நேரடியாக எடுத்துக்கொண்டது 'பொன்மணி' (1977). காவலூர் இராசதுரை எழுத, யாழ்ப்பாண வளாகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த சிங்கள நெறியாளர் தர்மசேன பத்திராஜ இயக்கினார். படம் ஓடவில்லை. மந்தமான கதை, சண்டையும் சோடிப்பாட்டும் போதாது என்று காரணம் சொல்வார்கள். முக்கிய காரணம் வேறென்று நினைக்கிறேன். வழமையை மீறத் துணிந்த பெண்ணுக்கு அந்தப் படம் பரிசும் தரவில்லை, மீறியது பிழையென்று ஒரு பாடமும் தரவில்லை. கோடம்பாக்கம் பழக்கிய கண்ணுக்குத் தீர்ப்பில்லாத வழக்கு முடியாத படமாகவே தெரிந்திருக்கும். மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்த சனம் இதை ஏன் ஏற்கவில்லை என்று கேட்கலாம். அரிச்சந்திரனுக்கு விடிவு வரும் என்பது தெரிந்ததால்தான் அந்த இரவை அவர்களால் தாங்க முடிந்தது. பொன்மணிக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

இனி மிகக் கடினமான சாட்சிக்கு வருகிறேன். நான் இருக்கும் பேலியகொடையில் மீன் சந்தையைத் தாண்டி நீர்கொழும்பு வீதியில் வடக்கே போனால் வத்தளை, அங்கிருந்து கடற்கரைப் பக்கமாக ஹெந்தளை. தமிழ்த் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ அங்கேதான் இருந்தது. சிங்களச் சினிமாவின் தொடக்கத்திலேயே தமிழர் இருந்தனர். எஸ். எம். நாயகம் தயாரித்து மதுரையில் படமாக்கிய முதற் சிங்களப் பேசும் படம் 1947 சனவரியில் கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி அரங்கில் திரையிடப்பட்டது. 'கடவுணு பொறொந்துவ' என்ற அதன் பெயருக்கு 'முறிந்த வாக்குறுதி' என்று பொருள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய'வை (1960) தயாரித்தவர் குணரத்தினம். வாக்குக் காத்தல், தாய்ப்பாசம், ஏழையின் மானம் என்று இரண்டு மொழிக்காரரும் ஒரே வகைப் படிப்பினைகளை முப்பதாண்டுக்கு மேல் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். 1983 யூலையில் தமிழருக்கெதிரான வன்செயலில் அந்த ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் அந்த வன்செயலில் கொல்லப்பட்டார்.

படங்கள் அறம் கற்பிக்கின்றன என்று எழுதுபவர் எவரும் ஹெந்தளையைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. மயான காண்டங்களாகவே படங்கள் வந்திருந்தால் அந்த நெருப்பு அணைந்திருக்கும் என்று நானும் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது இன்னொரு மலிவான படிப்பினை. என் கூற்று இதைவிடச் சிறியது. தீர்ப்பை மட்டும் சொல்லும் படத்தில் பார்வையாளன் எப்போதும் நாயகனோடு நிற்கிறான். வில்லன் வேறு யாரோ. கொடுமை செய்பவன் தானாக இருக்கலாம் என்று அவனைக் கேட்க அந்தப் படத்தில் ஆளில்லை. எனவே அதே மனிதன் அழுத கண்ணோடு வெளியே வந்து எதையும் செய்யலாம். அழுகை அவனுக்குத் தடையாகாது. இதற்கு மாறாக, சிறுவன் காந்தி அரிச்சந்திர நாடகத்தைப் பார்த்துவிட்டு அவனைப் போல ஏன் எல்லோரும் இருக்கக் கூடாது என்று ஏங்கியதாகச் சுயசரிதையில் எழுதினார். அவர் கேட்டது திரும்பக் கிடைத்த நாட்டையல்ல, அரிச்சந்திரன் பட்ட துன்பங்களைத் தாமும் படவேண்டும் என்பதை.

எந்த வகைப் படம் ஆள்வோரை உறுத்துகிறது என்பதும் ஒரு சான்றுதான். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997) போரையோ சமாதானத்தையோ பற்றி ஒரு வரிகூடப் பிரசங்கம் செய்யவில்லை. பார்வையற்ற கிழத் தகப்பன் ஒருவர், முத்திரையிட்ட பெட்டியில் வந்தது படையில் சேர்ந்த தன் மகன்தான் என்று நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுப் பத்திரத்தில் ஒப்பமிட மறுக்கிறார். கடைசியில் புதைகுழியைத் தோண்டத் தொடங்குகிறார். இதிலிருந்து பெறும் படிப்பினையைப் பரீட்சைத் தாளில் எழுதுவது கடினம். அரசாங்கம் 2000இல் அதன் திரையிடலைத் தடுத்தது. படத்தைத் திரையிட வழிவிடும்படி 2001இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.