54க்குப் பின்னால் மறைந்த 257

பேஸ்போல் எண்டதும் எங்களுக்கு ஹோம் ரன்தான் ஞாபகம் வரும். இந்த மோகம் அமெரிக்காவில் உச்சத்துக்கு ஏறிய ஆண்டு 1920. நியூயோர்க் யாங்கீஸுக்கு வந்த பேப் ரூத் அந்தப் பருவத்தில் 54 ஹோம் ரன் அடித்தார். அமெரிக்கன் லீக்கின் மற்ற அணிகளில் ஒன்றுகூட, முழு அணியும் சேர்ந்தும், அவ்வளவு அடிக்கவில்லை.

அதே லீக்கில், அதே ஆண்டில், சென்ட் லூயிஸ் பிரவுண்ஸின் ஜோர்ஜ் சிஸ்லர் 257 ஹிட் அடித்தார். 42 தடவை ஓடியே பேஸ் திருடினார். அவரின் ஹிட் சாதனை 84 வருசம் நின்றது. 2004இல் ஜப்பானின் இச்சிரோ சுசுகி 262 ஹிட்டோடு அதைத் தாண்டினார். அந்தப் பருவத்தில் அவர் அடித்த ஹோம் ரன் 8 மட்டுமே. ஆனாலும் இண்டைக்கு சிஸ்லரை எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ரூத்தை நாங்கள் குறைச்சுச் சொல்லவில்லை. ஹிட் அடிச்சவர் பேஸிலேயே நிண்டுபோகலாம். ஹோம் ரன்னுக்கு ஓட்டம் நிச்சயம். அதின்ர பெறுமதி கூடத்தான். ஆனால் 1920இல் ரூத் 150 தடவை துடுப்பை வீசாமல் பொறுத்திருந்தே முதல் பேஸுக்குப் போனார். 1917இல் பந்துவீச்சாளராக 24 ஆட்டங்களை வென்றவரும் அவர்தான். ஹோம் ரன்னை மட்டும் எண்ணினால் சிஸ்லர் மட்டுமில்லை, பாதி ரூத்தும் எங்கட கண்ணில படாமல் போய்விடுவார்.