நவஹோ நிலத்தில் உயர்நிலைப்பள்ளி: தொலைவும் பொறுப்பும்

1868ஆம் ஆண்டு அமெரிக்க அரசு நவஹோ மக்களுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் ஆறாம் பிரிவு, 30 குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமும் ஓர் ஆசிரியரும் தருவதாக உறுதி கூறியது. அவ்வுறுதி நெடுங்காலம் ஏட்டளவிலேயே நின்றது. அதன் விளைவை யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கிலுள்ள சான் வான் மாவட்டத்தில் தெளிவாகக் காணலாம்.

1970களில் அம்மாவட்டத்தின் அரசு உயர்நிலைப்பள்ளிகள் இரண்டும் வடக்கே, நவஹோ ஒதுக்கீட்டு நிலத்துக்கு வெளியே இருந்தன. தெற்கிலிருந்த நவஹோ மாணவர் நாள்தோறும் பேருந்தில் சென்று மீண்டனர். சிலருக்குப் போகவர 150 மைலுக்கும் மேலாயிற்று. 1956இல் கண்டறியப்பட்ட ஆனத் எண்ணெய் வயல் அவர்கள் வாழ்ந்த பகுதியிலேயே உள்ளது. அதன் வழி வந்த வரியோ மாவட்டக் கருவூலத்தைச் சேர்ந்தது. ஆகவே இதனை வெறும் நிலவியல் சிக்கலாகக் கொள்ள இயலாது.

1974இல் மாணவர் சார்பில் தொடுக்கப்பட்ட சினஜினி வழக்கு மறு ஆண்டே உடன்பாட்டுத் தீர்ப்பில் முடிந்தது. அதன் பயனாக மான்டெசூமா கிரீக்கில் வைட்ஹார்ஸ் பள்ளியும் (1978), பின்னர் மானுமென்ட் வேலிப் பள்ளியும் (1983) எழுந்தன. இருமொழிக் கல்விக்கும் அத்தீர்ப்பு வழிவகுத்தது. எனினும் கட்டடம் எழுந்த அளவுக்கு மொழிக்கல்வி வேரூன்றவில்லை என்றே கருத வேண்டியுள்ளது.

நவஹோ மலைப்பகுதி மாணவர் மட்டும் அதன் பின்னும் உயர்நிலைக் கல்விக்காக வீட்டைப் பிரிந்து வெளியூர்களில் தங்கினர். ஒதுக்கீட்டு நிலத்துக் குழந்தைகளின் கல்வி கூட்டரசின் பொறுப்பே என வாதிட்டது பள்ளி வாரியம். 1995இல் மையர்ஸ் வழக்கை விசாரித்த நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. கூட்டரசுக்குக் கடமை இருப்பதனால் மாநிலத்தின் கடமையும் வாரியத்தின் கடமையும் நீங்கிவிடா என்று தீர்ப்பளித்தது.