லயம் என்னும் சொல்



பாடசாலைச் சேர்விடாப்பில் முகவரிக்கென ஒரு நிரல் உண்டு. ஸ்பிரிங்வெளிப் பகுதித் தாய்மார் அதற்குக் கூறும் விடை பெரும்பாலும், "அஞ்சாம் நம்பர் லயம், சேர்" என்பதே. ஒருமுறை மாணவனொருவன், தான் ஒரு 'லைனில்' வாழ்வதாக ஆங்கிலக் கட்டுரையில் எழுதினான். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். பிழை யாருடையது?

'லைன்' என்பது ஆளிச்செடியைக் குறித்த இலத்தீன் சொல்வழி வந்தது. ஆளி நாரில் திரித்த நூல் முதற்பொருள். இழுத்துப் பிடித்த நூல் கோடாயிற்று, கோடு வரிசையாயிற்று. அச்சொல் மீனவனுக்குத் தூண்டிற்கயிறு, மாலுமிக்குப் பூமத்திய ரேகை, புலவனுக்குச் செய்யுளடி, 1924இல் பதுளையை எட்டிய புகையிரதத்துக்குப் பாதை. படையினரின் வரிசைக் குடில்களையும் ஆங்கிலேயர் அவ்வாறே அழைத்தனர். இந்திய நகரங்களில் 'சிவில் லைன்ஸ்' இன்றும் உண்டு. தோட்டத்துக்குச் சொல் வந்தது பாசறையிலிருந்தே என்பது என் கருத்து.

கோப்பிக் காலத்தில் தொழிலாளர் பழம் பறிக்கும் மாதங்களுக்கு வந்து திரும்புவோர். அவர்களுக்குப் பாசறை போதுமென எண்ணப்பட்டது. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுதும் பறிக்கப்பட வேண்டியது. குடும்பங்கள் நிலைத்தன; பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவோ அவ்வாறே நின்றது.

ஒன்று வியப்பு. மலையில் கொழுந்து பறிக்கும் வரிசையை நம் மக்கள் 'நிரை' என்னும் நல்ல தமிழ்ச் சொல்லாலேயே வழங்குகின்றனர். வேலைக்குத் தமிழ், வீட்டுக்கு ஆங்கிலம்! அந்த ஆங்கிலமும் இசைச் சொல்லான லயத்தின் ஒலியை ஏற்றுக்கொண்டது. ('வேலி' என்னும் ஆங்கிலப் பள்ளத்தாக்கு நம் ஊர்ப்பெயரில் 'வெளி' ஆனதும் இத்தகையதே.)

அச்சொல்லுக்கு வமிசவழி என்றும் ஒரு பொருளுண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும், தந்தை இந்நாட்டிற் பிறந்தவரா, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவரா என்று கேட்டது. லயத்தில் வாழ்ந்தோரிடம் வமிசவழிக்குச் சான்று கேட்கப்பட்டது. பிறப்புப் பதிவு அரிதாயிருந்த காலம், பல்லாயிரவர் நாடற்றோராயினர். எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கியது.

அம்மாணவனின் தாள் என் மேசைக்கு வந்தது. சிவப்புக் கோட்டின் அருகே 'சரி' என்றெழுதிக் கையொப்பமிட்டேன்.