வரம்பு ஸ்லைடரில் நிறப் பயன்பாடு

ஒரு கோட்டின் மேல் நகரும் இரண்டு கைப்பிடிகளால் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் குறித்து, இடைப்பட்ட தரவை மட்டும் திரையில் நிறுத்தும் கருவி வரம்பு ஸ்லைடர். விமானச் சீட்டின் விலை, புறப்படும் நேரம், வீட்டின் பரப்பளவு போன்றவற்றை வடிகட்ட இது பயன்படுகிறது. இதில் நிறத்தின் முதல் வேலை, எந்தப் பகுதி தேர்வில் உள்ளது, எது விலக்கப்பட்டது என்று பார்த்தவுடன் உணர்த்துவது.

ஸ்லைடரை நகர்த்த நகர்த்த விடை உடனுக்குடன் மாறும் வடிகட்டல் முறையை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் குழுவினர் உருவாக்கினர். அவரும் கிறிஸ்டஃபர் ஆல்பெர்கும் 1994இல் விவரித்த ஃபிலிம்ஃபைண்டர் என்ற திரைப்படத் தேடல் கருவியில் ஒவ்வொரு திரைப்படமும் ஒரு புள்ளி. புள்ளியின் நிறம் படத்தின் வகையைச் சொன்னது. இப்படி நிறத்துக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கும் திரையில், ஸ்லைடருக்கும் அதே நிறங்களில் ஒன்றைப் பூசினால் அந்த வகைப் படங்களை மட்டும் வடிகட்டுவதாகத் தோன்றும். அங்கே அடர் சாம்பல், கருநீலம் போன்ற பொதுநிறமே சரி. நிறம் அளவைக் குறிக்கும் வரைபடத்தில் நிலைமை வேறு. ஸ்லைடரின் உட்பகுதியையே நிற அளவுகோலாக ஆக்கலாம் என்று ஆய்வாளர் ஸ்டீஃபன் எய்க் அதே ஆண்டில் காட்டினார். மழையளவு வரைபடத்தில் வெளிர்நீலத்திலிருந்து கருநீலம் வரை செல்லும் வரிசை ஸ்லைடரிலும் அப்படியே தொடர்ந்தால், தனியாக நிறவிளக்கம் வேண்டியதில்லை.

ஒரே எல்லையை மட்டும் குறிக்கும் ஒற்றைக் கைப்பிடி ஸ்லைடரில் பிழை எளிதில் நேரும். பல உலாவிகள் கைப்பிடிக்கு இடப்பக்கத்தை இயல்பாகவே நிறத்தால் நிரப்புகின்றன. ‘அதிகபட்ச விலை’ என்றால் அது பொருந்தும். ‘குறைந்தது 4 நட்சத்திரம்’ என்ற வடிகட்டிக்கோ, விலக்கப்பட்ட பகுதி தேர்ந்தெடுத்ததுபோல் ஒளிரும். பயனர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். அங்கே நிறம் வலப்பக்கம் நிரம்ப வேண்டும்.

வலை அணுகல் வழிகாட்டி நெறிகளின் 2.1ஆம் பதிப்பு (2018), கருவியையும் அதன் நிலையையும் அடையாளம் காணத் தேவையான பகுதிகளுக்கும் அவற்றை ஒட்டிய நிறங்களுக்கும் இடையே குறைந்தது 3:1 மாறுபாடு கேட்கிறது. வெளிர்சாம்பல் கோட்டில் வெளிர்நீலப் பட்டை இதில் எளிதில் தோற்றுவிடும். விலக்கப்பட்ட பகுதியை மிகவும் மங்கவைத்தால் கருவியே முடக்கப்பட்டதாகத் தெரியும் என்பதையும் கவனிக்க வேண்டும். சிவப்பு–பச்சை வேறுபாட்டை நம்பவே கூடாது: வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு அவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம்.

ஆகவே நிறத்துக்குத் துணையாக வேறு அடையாளங்களும் தேவை. தேர்ந்த பகுதியின் பட்டையைத் தடிமனாக்கலாம். எல்லை மதிப்புகளை எண்ணில் எழுதலாம். தரவு எங்கே குவிந்திருக்கிறது என்று காட்டும் சிறு பட்டை வரைபடத்தைக் கோட்டின் மேல் வைக்கலாம். விண்டோஸின் உயர்மாறுபாட்டு முறையில் வடிவமைப்பாளர் கொடுத்த பின்னணி நிறங்களுக்குப் பதில் பயனர் தேர்ந்த நிறங்களே வரும். பின்னணி நிறத்தால் மட்டும் வரைந்த பட்டை அங்கே மறைந்துபோகக்கூடும். கைப்பிடிக்கும் பட்டைக்கும் விளிம்புக்கோடு இட்டிருந்தால் அந்தக் கோடு நிலைக்கும்.